ரெண்டு பேர் ஆட்டம்

அட்லாண்டிக் கடல்,
12 ஜூன் 2025

அன்புள்ள தங்கச்சி நந்தனாவுக்கு அண்ணன் சுயம்புராஜ் எழுதுவது. அய்யா உண்டு. நான் இங்க சுகம். நீயும் உனக்க மாமியும், மஸ்கட்டுல இருக்கிற மாப்பிள்ளை ஹரிகுமாரும் சுகம்தானா? பிரேசில் துறைமுகத்துல வச்சு நீ போன்ல சொன்ன சேதி இன்னும் காதுக்குள்ள கிடக்கு. வயித்துல உள்ள ஆளு எப்படி இருக்கு? கார்த்திகைன்னு சொன்னியே, அதுக்குள்ள நான் லீவுல வந்துருவேன்.

நடுக்கடல்ல போன் எடுக்காது. கம்பெனி மெயில்ல எழுத்து மட்டும்தான் போகும், படம்கூட ஏறாது. அதனால கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகேன். எங்க கேப்டன் ஒரு போட்டி அறிவிச்சிருக்காரு. போக்கர் சீட்டாட்டம். பதினாறு பேர் பேர் கொடுத்திருக்கோம். மேசையில எப்பவும் ரெண்டே பேர்தான். தோத்தவன் வெளியே, ஜெயிச்சவன் அடுத்த சுற்றுக்கு. காசு வைக்கக்கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவு, பிளாஸ்டிக் வில்லைதான். பரிசு என்ன தெரியுமா? நடுக்கடல்ல வச்சு கப்பலுக்க ஹாரனை ஜெயிச்சவன் அடிக்கலாம். பத்து வருஷமா எஞ்சின் ரூம்ல கிடக்கேன், அந்தச் சத்தத்தைக் கீழ இருந்தே கேட்டவன் நான். சின்னப்பிள்ளை மாதிரி ஆசை வந்துட்டு.

ஆனா ஆட்டம் தெரியாது. முட்டத்துக்காரன் ஜெப்சன் என்கூட வேலை செய்யுதான், அவன்தான் சொல்லித் தந்தான். ஆளுக்கு ரெண்டு சீட்டு, மறைவா. நடுவுல முதல்ல மூணு, பிறகு ஒண்ணு, பிறகு ஒண்ணுன்னு அஞ்சு சீட்டு பொதுவா விரியும். ஏழுல நல்ல அஞ்சைச் சேர்க்கிறவனுக்குக் குவியல். ஒவ்வொரு கட்டத்துலயும் வில்லை வைக்கலாம், ஏத்தலாம், இல்லேன்னா சீட்டைக் கவிழ்த்துட்டு ஒதுங்கலாம். சீட்டைப் பாக்கிறதுக்கு முன்னாலயே ஒருத்தன் அரைப் பங்கும் மத்தவன் முழுப் பங்கும் கட்டாயமா வைக்கணும். நேரம் போகப்போக அந்தப் பங்கு ஏறிட்டே இருக்கும்.

நீ கணக்கு எம்.எஸ்ஸி. படிச்சவ. இதுல என்ன சூட்சுமம்னு பாத்துச் சொல்லு மக்கா. டூட்டி மாறி மாறி வருகதால முதல் சுற்றுக்கு இன்னும் நாள் இருக்கு. உடம்பைப் பாத்துக்கோ.

உன் அண்ணன்,
சுயம்பு

---

இராஜாக்கமங்கலம்,
3 ஜூலை 2025

பாசமுள்ள அண்ணனுக்கு நந்தனாவின் வணக்கம். பதில் தாமதமாயிட்டு. இங்க எல்லாரும் சுகம். மாமி காலையில கடையைத் திறந்தா சாயந்திரம்தான் வருவாங்க. மழை நல்லா பெய்யுது.

அண்ணா, நீங்க எழுதின ஆட்டத்தை முதல்ல சும்மாதான் பாத்தேன். பிறகு விட முடியல்ல. ரெண்டு நாளா அரிசி அடுப்புல குழைஞ்சு போச்சு, அந்த அளவுக்கு இதுல இருந்துட்டேன்.

முதல்ல இதைக் கேளுங்க. கையில ஜோடி இல்லாம ரெண்டு சீட்டு வருதுன்னு வைங்க. நடுவுல மூணு விரிஞ்ச பிறகும், மூணு தடவைக்கு ரெண்டு தடவை உங்களுக்கு ஒண்ணும் சேராது. ஆனா எதிர்ல இருக்கிறவருக்கும் அதே கதிதான். அப்போ ரெண்டு பேருக்குமே ஒண்ணும் இல்லாத ஆட்டம்தான் நிறைய. அதுல யார் முதல்ல தைரியமா வைக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் குவியல். பத்து பேர் இருக்கிற மேசையில நல்ல சீட்டுக்குக் காத்திருக்கலாம். ரெண்டு பேர் மேசையில காத்திருந்தா கட்டாயப் பங்கே உங்களைத் தின்னு தீர்த்துரும்.

இன்னொண்ணு. அரைப் பங்கு வைக்கிறவருக்கு, நடுச்சீட்டு விரிஞ்ச பிறகு கடைசியாப் பேசுற வாய்ப்பு. எதிராளி என்ன செய்தாருன்னு பாத்துட்டுத் தீர்மானிக்கலாம். அந்தச் சுற்றுல சுமாரான சீட்டையும் விடாதீங்க. முதல்ல பேச வேண்டி வர்ற சுற்றுல கொஞ்சம் கையை அடக்குங்க.

எனக்கு ஆடிப் பாக்க ஆள் இல்ல. சாப்பாட்டு மேசையில ரெண்டு கைக்கும் நானே சீட்டுப் போட்டு நானே ஆடுகேன். ஜெப்சன் அண்ணன்கூட ஆடிட்டு எழுதுங்க.

அன்புத் தங்கை,
நந்தனா

---

இந்தியப் பெருங்கடல்,
6 ஜூலை 2025

என் நந்தனாவுக்கு,

நலம். நீ நலமா இருக்கணும்னு நினைச்சுட்டேதான் தினமும் படுக்கேன்.

உன் கடிதத்தை ஜெப்சனுக்கு ஒளிச்சு வச்சு நாலு தடவை வாசிச்சேன். அதுவரைக்கும் நான் ராஜாவும் ஏஸும் வரட்டும்னு இருந்து இருந்து, அது வரும்போது என்கிட்ட வில்லையே இருக்காது. நீ சொன்னபடி ஆரம்பிச்சேன். எட்டும் அஞ்சும் வச்சுட்டு ஏத்தினேன். ஜெப்சன் என் முகத்தைப் பாத்தான், சீட்டைப் பாத்தான், கவிழ்த்துட்டான். மக்கா, அந்தக் குவியலை ரெண்டு கையாலயும் வாரி இழுத்தேன். ஒண்ணும் இல்லாம ஜெயிக்கலாம்னு இந்த வயசுலதான் தெரியுது.

பிறகு அதே ருசியில எல்லாத்துக்கும் ஏத்தினேன். அவன் சுதாரிச்சுட்டான். கடைசியில என்னைத் துடைச்சு எடுத்துட்டான். அப்போ எப்ப நிறுத்தணும்? அதையும் கண்டுபிடி.

நான் கேட்ட ஒண்ணுக்கு நீ பதில் எழுதல்ல. ஸ்கேன் எடுத்தியா? டாக்டர் என்ன சொன்னா? மாமிகிட்ட நான் கேட்டதாச் சொல்லு.

சுயம்பு அண்ணன்

---

இராஜாக்கமங்கலம்,
20 ஜூலை 2025

அண்ணனுக்கு அன்பு வணக்கம். இங்க சுகத்துக்குக் குறைவில்ல. இன்னைக்கு உங்களுக்கு ஒரு பெரிய சேதி இருக்கு.

போன ஞாயித்துக்கிழமை மழையில கடையைச் சீக்கிரம் சாத்திட்டு மாமி வந்துட்டாங்க. நான் மேசையில சீட்டு விரிச்சு வச்சிருந்தேன். பெறக்கி ஒதுக்கலாம்னு பாத்தா, மாமி குடையை மடக்கிட்டு அங்கயே நின்னாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "வலது கைக்கும் இடது கைக்கும் சண்டையா?"ன்னு கேட்டாங்க. நான் சொன்னேன். எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாங்க.

வில்லைக்குக் கொண்டைக்கடலை. ஆளுக்கு ஒரு டம்ளர் அளந்தாங்க, தலை தட்டி, கடைக்காரியாச்சே. ஆட்ட முறையை ஒரே தடவைதான் கேட்டாங்க. அண்ணா, நான் சொன்ன கணக்கு ஒண்ணுமே அவங்களுக்கு வேண்டாம். சீட்டைப் பாக்காமலே வச்சாங்களோன்னு சந்தேகம். கை நிறைய அள்ளி நடுவுல போட்டுட்டு என்னையே பாத்தாங்க. நான் கவிழ்த்தேன். திரும்பப் போட்டாங்க. திரும்பக் கவிழ்த்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள என் டம்ளர் காலி.

ஜெயிச்ச கடலையை அப்படியே ஊறப் போட்டு மறுநாள் சுண்டல் ஆக்கிட்டாங்க. என் தோல்வியை நானே தின்னேன், தேங்காய் துருவிப் போட்டு.

இப்போ தினமும் சாயந்திரம் ஆட்டம். உங்க கேள்விக்குப் பதில்: எதிராளி கவிழ்க்கிறவரைக்கும் ஏத்துங்க. அவர் நிமிர்ந்து பதில் வைக்கத் தொடங்கினா, ஒண்ணுமில்லாத சீட்டுக்கு ஏத்துறதைக் குறைச்சுட்டு, நல்ல சீட்டுக்கு மட்டும் ஏத்துங்க. அவர் இன்னும் நீங்க பொய்தான் வைக்கிறீங்கன்னு நம்பி வருவாரு. எதிராளி மாறினா நாமளும் மாறணும், அவ்வளவுதான்.

நந்தனா

---

சீனக் கடற்கரைக்கு வெளியே,
9 ஆகஸ்ட் 2025

நந்தனா மக்காவுக்கு,

சுகம், சுகம், பெரிய சுகம். முதல் சுற்று ஜெயிச்சுட்டேன்.

எதிராளி கப்பலுக்க சமையல்காரர், பிலிப்பைன்ஸ்காரர். நல்ல மனுஷன், பயந்த ஆட்டம். நீ சொன்னபடி அவர் கவிழ்க்கிறவரைக்கும் ஏத்தினேன். அவர் பொறுமை கெட்டு எதிர்த்து வர ஆரம்பிச்சதும் நான் அடங்கிட்டேன். பிறகு என் கையில ரெண்டு ராணி. வழக்கம்போல ஏத்தினேன். அவர் எல்லா வில்லையையும் தள்ளிட்டாரு. திருப்பிக் காட்டினா அவர்கிட்ட ஜாக்கியும் ஒன்பதும். சுத்தி நின்ன ஆளுக மேசையைத் தட்டினானுக. அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல எனக்கு மட்டும் மீன் துண்டு சின்னதா வந்துது.

செல்லத்தாய் மாமி இப்படி ஒரு ஆளுன்னு தெரியாது. கல்யாணத்தன்னைக்குக்கூட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசல்லையே.

துறைமுகத்துல போன் எடுத்துது. உன்னை ரெண்டு தடவை கூப்பிட்டேன். மணி அடிச்சு நின்னுது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். நல்லாயிருக்கான்னு மட்டும் சொல்லிட்டு வேலை இருக்குன்னு வச்சுட்டான். நான் இனிமே ஒண்ணும் கேக்கல்ல மக்கா. உனக்கு எழுதணும்னு தோணும்போது எழுது. சீட்டு விஷயம் மட்டும் நிறுத்தாதே.

சுயம்பு

---

இராஜாக்கமங்கலம்,
24 ஆகஸ்ட் 2025

அன்பான அண்ணா, ஜெயிச்சதுக்குச் சந்தோஷம். மாமிக்கு வாசிச்சுக் காட்டினேன். மீன் துண்டு இடத்துல சிரிச்சாங்க. சத்தம் போட்டுச் சிரிச்சாங்க.

போன் வந்தப்போ எடுக்க முடியல்ல. வருத்தப்படாதீங்க.

நான் மாமியைக் கண்டுபிடிச்சுட்டேன். முகத்துல ஒண்ணும் தெரியாது, அது கல்லு. வைக்கிற அளவுலதான் விஷயம் இருக்கு. நல்ல சீட்டு வந்தா கொஞ்சமா வைப்பாங்க, நாலு கடலை, அஞ்சு கடலை. ஒண்ணும் இல்லேன்னா கை நிறைய. ஏன்னு யோசிச்சேன். கடையில அவங்க அப்படித்தான். வாங்குற ஆளு போயிரக்கூடாதுன்னா விலையைப் பையத் தொடங்குவாங்க. வேண்டாத ஆளு வந்தா ஒரே அடியா பெரிய விலை சொல்லித் துரத்துவாங்க.

நேத்து மாமி ஒரு கை அள்ளிப் போட்டாங்க. என்கிட்ட ஆறு ஒரு ஜோடி, அவ்வளவுதான். இருக்கிற எல்லாத்தையும் தள்ளினேன். மாமி என்னைப் பாத்தாங்க. "இத்தனை நாளும் ஓடினவ இன்னைக்கு என்னத்துக்குட்டி நிக்கா?"ன்னு கேட்டாங்க. கேட்டுட்டே அவங்களும் மிச்சத்தைத் தள்ளினாங்க. அவங்க சீட்டைத் திருப்பினா நாலும் பத்தும், ஒண்ணும் சேரல்ல. ஒரு டம்ளர் கடலை முழுசும் என் பக்கம் வந்துது. நான் எழும்பி நின்னுட்டேன் அண்ணா.

நீங்களும் முகத்தைப் பாக்காதீங்க. எப்போ எவ்வளவு வைக்கிறாருன்னு பாத்து மனசுல வைங்க.

நந்தனா

---

இந்தியப் பெருங்கடல்,
14 செப்டம்பர் 2025

தங்கச்சிக்கு அண்ணனுக்க ஆசீர்வாதம். உடம்பு நல்லாயிருக்கு, மனசு அதைவிட நல்லாயிருக்கு.

ரெண்டாம் சுற்றும் தாண்டியாச்சு. இந்தத் தடவை மேல்தளத்து மேஸ்திரி, மலை மாதிரி ஆளு. ஒவ்வொரு தடவையும் வில்லையை அடிச்சு வைப்பாரு, மேசை அதிரும். முதல் அரைமணி நேரம் நான் வில்லையை விடாம அவர் அளவை மட்டும் பாத்துட்டிருந்தேன். மாமிக்கு நேர் எதிர். நல்ல சீட்டுன்னா பெருசு, பொய்னா சின்னது, பயம்போல. அவர் சின்னதா வச்சப்போ எல்லாம் நான் ஏத்தினேன். ஒரு மணி நேரத்துல முடிஞ்சுட்டு. ஜெப்சன் போன சுற்றுலயே தோத்துட்டான், இப்போ எனக்க ஆளா மாறி, தண்ணியும் துண்டும் எடுத்துட்டு நிக்கான்.

இப்போ நாலு பேர்தான் பாக்கி. தூங்கும்போதுகூட கண்ணுக்குள்ள சீட்டு விரியுது.

அண்ணன்

---

இராஜாக்கமங்கலம்,
20 செப்டம்பர் 2025

அய்யா உண்டு. மக்கா சுயம்பு, செல்லத்தாய் மாமி பேசுகேன். எழுதல்ல, பேசுகேன். இந்தப் போன்ல பேசினா அதுவே எழுதுது, ஹரி சொல்லித் தந்தான், உனக்க மெயிலும் அவன்தான் தந்தான். எழுத்து தப்பா விழுந்தா பொறுத்துக்கோ. நீ சுகமா இருக்கியா? கடல்ல நல்ல சாப்பாடு கிடைக்குதா?

முதல்ல சீட்டு விஷயம். உனக்க தங்கச்சி இப்போ என்னைத் தோக்கடிக்கா. பெருசா வச்சா பயப்பட மாட்டேங்கா, சின்னதா வச்சா ஓடிருதா. ஒரு வழி சொல்லு. அவகிட்ட சொல்லாதே.

இனி இதைக் கேளு. அவ உனக்கு எழுதியிருக்க மாட்டா. வைகாசியில பிள்ளை போயிட்டு மக்கா. நாலாம் மாசம். அண்ணன் கடல்ல தனியாக் கிடந்து அழுவான், சொல்லண்டாம்னு எங்களை எல்லாம் தடுத்துட்டா. அப்பனும் அம்மையும் இல்லாத பிள்ளைக நீங்க ரெண்டு பேரும், உனக்குத் தெரியாம இருக்கது சரியில்லேன்னு எனக்குத் தோணிச்சு, அதான் சொல்லுகேன்.

ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு இந்த வீட்டுல சத்தமே இல்ல. நான் கடைக்குப் போவேன், வருவேன். சாப்பாடு மூடி இருக்கும். அவ அறைக்குள்ள இருப்பா. எனக்கு என்ன சொல்லணும்னு தெரியல்ல. எதையாவது சொல்லி அது அவ மேல குத்தமா விழுந்துருமோன்னு வாயை மூடிட்டேன். பிறகு மூடின வாயைத் திறக்கத் தெரியல்ல.

சீட்டு ஆடும்போதுதான் அவ நிமிந்து என் முகத்தைப் பாக்கா. எதிர்ல ரெண்டே பேர், பாத்துதானே ஆகணும். சிரிக்கவும் செய்யுதா. உனக்க போட்டிக்காகத்தான் இதெல்லாம். அது முடிஞ்சா இதுவும் நின்னு போகுமோன்னு எனக்கு ஒரே பேடி, பயம். அதனால நீ தோத்துராதே மக்கா.

மாமி

---

தென் அட்லாண்டிக்,
22 செப்டம்பர் 2025

மதிப்புள்ள மாமிக்கு சுயம்புராஜ் வணக்கத்தோட எழுதுகேன்.

நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. வாசிச்சுட்டு மேல்தளத்துக்குப் போய் கொஞ்ச நேரம் நின்னேன். ஜெப்சன் கேக்காமலே கூட வந்து நின்னான். அவகிட்ட நான் காட்டிக்க மாட்டேன். அவளே சொல்லட்டும்.

உங்க சீட்டுக்கு வழி இதுதான். நல்ல சீட்டுக்கும் சில தடவை கை நிறைய வையுங்க. பொய்க்கும் சில தடவை நாலு கடலை வையுங்க. அப்போ அவளுக்கு உங்க அளவுல ஒண்ணும் பிடி கிடைக்காது.

நான் ஆடுகேன் மாமி.

உங்க
சுயம்பு

---

அட்லாண்டிக் கடல்,
12 அக்டோபர் 2025

அன்புள்ள நந்தனாவுக்கு,

அண்ணன் சுகம். நீயும் மாமியும் மேசையில உட்கார்ந்து இதை வாசிக்கணும். அதனால முழுசா எழுதுகேன்.

அரையிறுதியில ரெண்டாம் அதிகாரியை முடிச்சேன். நேத்து இறுதி ஆட்டம். எதிராளி சீஃப் இன்ஜினியர் கியோர்கி, ஜார்ஜியாக்காரர், எனக்கே மேலதிகாரி. அவர் எப்படியும் வைப்பாரு, எதுக்கும் வைப்பாரு, ஒரு அளவும் பிடி கொடுக்காது. மெஸ்ஸுல நிக்க இடமில்ல. கேப்டனே வந்து உட்கார்ந்துட்டாரு.

முதல் ஒரு மணி நேரத்துல என் வில்லை பாதியாக் குறைஞ்சுட்டு. முன்னால இருந்த சுயம்புன்னா நல்ல சீட்டுக்குக் காத்துக் கிடந்து செத்திருப்பான். நான் கடைசியாப் பேசுற சுற்றை ஒண்ணுகூட விடல்ல. பையப் பையத் திரும்பி வந்து, ஏறக்குறைய சமம் ஆயிட்டோம். அவர்தான் ஒரு பிடி கூடுதல்.

அப்போ எனக்கு ராணியும் ஒன்பதும் வந்துது. நடுவுல ராணி, ஒன்பது, நாலு. ரெண்டு ஜோடி. நான் துள்ளல்ல, சும்மா ஒரு அளவா வச்சேன். அவரும் வச்சாரு. அடுத்த சீட்டு வெறும் ரெண்டு, யாருக்கும் உதவாது. நான் திரும்ப வச்சேன். அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு மொத்தத்தையும் தள்ளினாரு. நானும் தள்ளிட்டேன். சீட்டைத் திருப்பினோம். அவர்கிட்ட ஏஸும் ராணியும். அவருக்கு ஒரு ஜோடி, எனக்கு ரெண்டு. கணக்குக்காரி நீ, உனக்கே தெரியும். மிச்சம் உள்ள நாப்பத்தி நாலு சீட்டுல மூணு ஏஸ்தான் அவரைக் காப்பாத்தும். ஜெப்சன் என் தோளைப் பிடிச்சுட்டான்.

டைமன் ஏஸ் விழுந்துது.

கியோர்கியே ஒரு நிமிஷம் வில்லையைத் தொடல்ல. பிறகு எழும்பி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு, "நீ சரியாத்தான் ஆடினே"ன்னாரு.

இன்னைக்கு மத்தியானம் அவர் ஹாரன் அடிச்சாரு. நான் மேல்தளத்துல நின்னு கேட்டேன். கடல் முழுசும் நிறைஞ்சுது மக்கா. நெஞ்செலும்பு வரைக்கும் அதிர்ந்துது. எஞ்சின் ரூம்ல கேக்கது ஒண்ணும் சத்தமே இல்ல.

நேத்து ராத்திரி முழுசும் அந்த ஆட்டத்தை மனசுக்குள்ள திருப்பித் திருப்பிப் பாத்தேன். எங்க தப்பு பண்ணினேன்னு. ஒரு இடத்துலயும் இல்ல. திரும்ப அதே சீட்டு வந்தா திரும்ப அதேதான் செய்வேன். சரியா ஆடியும் தோக்கலாம். தோத்துட்டோம்ங்கிறதுக்காக ஆடினது தப்புன்னு ஆகாது. ரெண்டும் வேற வேறன்னு இந்த ஆட்டம்தான் எனக்குச் சொல்லித் தந்துது. அதை உனக்கு எழுதணும்னு தோணிச்சு.

போட்டிதான் முடிஞ்சுது. நான் லீவுல வரும்போது மாமிகூட ஆடணும், அதனால மாமியைச் சும்மா இருக்க விடாதே.

உன்னை நினைச்சபடி,
சுயம்பு அண்ணன்

---

இராஜாக்கமங்கலம்,
26 அக்டோபர் 2025

என் அண்ணனுக்கு,

உங்க கடிதத்தை மாமிக்கு வாசிச்சேன். ஏஸ் விழுந்த இடத்துல மாமி தலையில கை வச்சுட்டாங்க. "சரியா ஆடியும் தோக்கலாம்"னு எழுதியிருந்தீங்களே, அந்த வரிக்கு வந்தப்போ எனக்கு மேல வாசிக்க முடியல்ல. மாமி போனை வாங்கி மீதியை எழுத்துக்கூட்டி வாசிச்சாங்க.

அண்ணா, நான் உங்ககிட்ட ஒண்ணு எழுதல்ல. வைகாசியில நம்ம பிள்ளை இல்லாமப் போயிட்டு. முட்டத்துல ஜெஸ்பினுக்குக் கல்யாணம். என்கூட படிச்சவ. ஸ்கூட்டியிலதான் போனேன், வந்தேன். ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரி. வண்டியில போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, சில சமயம் இப்படி ஆகும், காரணம் சொல்ல முடியாதுன்னு டாக்டர் ரெண்டு தடவை சொன்னாங்க. காதுல விழுந்துது, உள்ள போகல்ல. மாமி ஒரு வார்த்தையும் பேசாம இருந்தாங்களா, மனசுக்குள்ள என்னைத்தான் குத்தம் சொல்லுதாங்கன்னு நான் தீர்மானிச்சுட்டேன்.

நேத்து, மாமி உங்க கடிதத்தை முடிச்சுட்டுப் போனைக் கீழ வச்சப்போ, நான் கேட்டுட்டேன். "மாமி, நான் வண்டியில போனதாலதான்னு நீங்க நினைச்சீங்களா?"

மாமி என்னையே பாத்துட்டு இருந்தாங்க. சீட்டு ஆடும்போது பாக்கிற பார்வை இல்ல. "உன்னையா? ஏட்டி, அன்னைக்கு நீ போகவா வேண்டாமான்னு கேட்டுட்டு நின்ன. நான்தான் சாவியை எடுத்துத் தந்து போயிட்டு வான்னு அனுப்பினேன். என்னாலதான்னு நீ என்னை வெறுக்கியோன்னு நினைச்சு, உனக்க முகத்தைப் பாக்கவே எனக்கு பேடியா இருந்துது."

எனக்கு அது ஞாபகமே இல்ல அண்ணா. சாவியை மாமி தந்தது. சத்தியமா இல்ல.

ரெண்டு பேரும் அழுதோம். நல்லா அழுதோம். அடுத்த வீட்டு பிச்சம்மாள் அக்கா என்னமோ ஏதோன்னு வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. பிறகு மாமிதான் முகத்தைக் கழுவிட்டு வந்து சொன்னாங்க, "ஒண்ணு கேளு மக்கா. நீயும் தப்பு செய்யல்ல, நானும் செய்யல்ல."

இன்னைக்கு உங்க மாப்பிள்ளைகிட்ட ரொம்ப நேரம் பேசினேன். பிள்ளையைப் பத்திப் பேசினோம். முதல் தடவையா.

நாளைக்குக் கடை லீவு. நானும் மாமியும் பேச்சிப்பாறை அணை பாக்கப் போறோம், அதே ஸ்கூட்டியில. மாமி இதுவரைக்கும் அதுல ஏறினதே இல்ல. அவங்களுக்க ஹெல்மெட் மத்தியானம்தான் வாங்கிட்டு வந்தோம், சிவப்புதான் வேணும்னு பிடிவாதம். இப்போ அதைத் தலையில மாட்டிட்டு கண்ணாடி முன்னால நிக்காங்க, கழற்ற மாட்டேங்காங்க.

உடம்பைப் பாத்துக்கோங்க. சீக்கிரம் வாங்க.

அன்புடன்,
நந்தனா